சிறகு மட்டும் வளரவில்லை

லெய்டன்,
1664 அக்டோபர் 9

என் கூடப்பிறந்த ஆக்யேவுக்கு அக்கா ஹில்லகொந்த் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் தயவில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீயும் உன் மகள் டியூவரும் நலம் என்றே நினைத்து எழுதுகிறேன். வேறு மாதிரி இருந்தால் என் நெஞ்சுக்கு ஆகாது.

இந்த வருஷம் இங்கே கொள்ளைநோய் தெருத்தெருவாகப் புகுந்து வருகிறது. எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தவர் வீட்டுச் சாமானை எண்ணி மதிப்புச் சொல்வதுதானே நம் பிழைப்பு. புதன்கிழமையிலிருந்து, வாசலில் வெள்ளைக் கொக்குப் பலகை தொங்கும் வீட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், அதே வீடுதான். பெட்ரோனெல்லா அம்மாள் ஆகஸ்டில் போய்விட்டார். ஆறு வாரம் பூட்டி வைத்து, புகை போட்டுத் திறந்தோம்.

நீ மறந்திருக்கமாட்டாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் பிரசவக் காய்ச்சலில் கிடந்தபோது, கைக்குழந்தை மாச்தெல்டை வாசனார் கிராமத்தில் உன்னிடம்தானே பால் குடிக்க விட்டிருந்தார்கள். ஒன்பது வாரத்தில் வைசூரி கண்டு உன் மடியிலேயே போய்விட்டதே. உன் கடுதாசியை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் நின்று செய்தி சொன்னவள் நான்தான். அந்த வாசற்படியை மிதிக்கும்போது இப்போதும் கால் கூசுகிறது.

பெட்ரோனெல்லா அம்மாளின் கணவர் யோரிஸும் இரண்டு மகன்களும் ஐம்பத்தைந்தாம் வருஷம் வந்த கொள்ளைநோயில் ஒரே வாரத்தில் போனார்கள். அப்புறம் அந்த அம்மாளும் வேலைக்காரி ட்ரைனும் மட்டும்தான். வாரிசு என்று ஒருவருமில்லை. கோயிலில் மூன்று முறை கூவிவிட்டார்கள். யாரும் வராவிட்டால் அநாதைப் பிள்ளைகள் சபைக்காரர்கள் எல்லாவற்றையும் ஏலம் போட்டுவிடுவார்கள்.

ட்ரைனுக்கு நாக்கு அப்படியே இருக்கிறது. நான் தகரத் தட்டுகளை எண்ணும்போது பின்னால் நின்றுகொண்டு, "எண்ணுங்கம்மா, நல்லா எண்ணுங்க. அம்மா இருந்தவரைக்கும் ஒரு கரண்டி குறைஞ்சா என் காதைத் திருகுவாங்க. இனிமே நீங்க வந்து திருகுங்க" என்கிறாள்.

முன்கூடத்தில் கடல் படம் மூன்று, உறைந்த கால்வாயில் சறுக்குகிறவர்கள் படம் ஒன்று, பித்தளை விளக்கு, கிளிக்கூண்டு. கிளி இல்லை. நாளைக்கு உள்ளறை.

டியூவருக்கு என் முத்தம்.

உன் அக்கா
ஹில்லகொந்த்


என்க்ஹைசன்,
1664 அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் நானும் டியூவரும் சுகம். உன் சுகத்தைத்தான் தினம் கேட்டுக்கொள்கிறோம்.

ஹெர்ரிங் மீன் படகுகள் திரும்பிவிட்டன. வலை பின்னுகிற வேலை நிறைய. என் புருஷன் கிளாஸ் கடலோடு போய் நாலு வருஷமாகியும், படகு வரும் நாளில் டியூவர் துறைக்கு ஓடத்தான் ஓடுகிறாள்.

அந்த வீட்டை வேறு யாராவது எண்ணக்கூடாதா அக்கா? நோய் படுத்த வீடு. சுவரிலும் திரையிலும் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்குமோ. உன் முழங்காலுக்கு அந்த மாடிப்படியும் ஆகாது. மதிப்புச் சொல்ல அந்த ஊரில் இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்களே.

அந்த அம்மாள் கண்ணை மூடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? கடைசியில் ஏதாவது சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

ஆக்யே


லெய்டன்,
1664 நவம்பர் 3

தங்கைக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்தது, சந்தோஷம். பயப்படாதே, வினிகரில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

வேறு யாராவது எண்ணட்டும் என்கிறாயே. நான் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்ததோடு நின்றவள்தான். ஆனால் ஒரு துப்பட்டியை விரலால் தொட்டாலே அது ஹார்லெம் நெசவா உள்ளூர் நெசவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரு வரியைக்கூட யாரும் அடித்து எழுதியதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கர்வம் பொல்லாதது. போன மாதம் அடித்துவிட்டார்கள்.

உள்ளறையில் கணப்புக்கு மேலே ஒரு பெரிய படம், அதற்குப் பச்சைத் திரை. நான் பாதித் திரையை ஒதுக்கி, வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னேன். "குடும்பப் படம் ஒண்ணு. தகப்பன், தாய், ரெண்டு மகன், ஒரு மகள்."

நோட்டரி பால்தசார் பேனாவை நிறுத்தினார். "மகளா? எந்த மக? இந்த வீட்ல ஏதும்மா பொம்பளப் பிள்ளை?"

"இதோ நிக்கிறாளே. தாய் தோள்மேல கை வச்சுக்கிட்டு."

"திரையை முழுசா இழுங்க. இழுத்தாச்சா? முதுகுல என்னன்னு பாருங்க."

சிறகு. உள்ளங்கை அளவுக்கு இரண்டு சிறகு, சிட்டுக்குருவிக்கு இருக்கிற மாதிரி.

செத்த பிள்ளையைச் சிறகு வைத்து வரைவது நமக்குப் புதிதா என்ன? எத்தனை வீட்டில் எண்ணியிருக்கிறேன். ஆனால் அதுகள் படத்தின் மேல் மூலையில், மேகத்துக்குள், கைக்குழந்தையாகக் குண்டுக் கன்னத்தோடு இருக்கும். இவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஆக்யே. தாயின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள்.

பால்தசார் 'ஒரு மகள்' என்பதை அடித்துவிட்டு 'தேவதூதப் பிள்ளை ஒன்று' என்று எழுதினார். "வயசாகுதும்மா உங்களுக்கு" என்று ஒரு சிரிப்பு வேறு. நான் ட்ரைனைப் பார்த்தேன்.

"அம்மா வருஷா வருஷம் படக்காரரைக் கூப்பிடுவாங்க," என்றாள் அவள். "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த தேதி அன்னிக்கு. அவர் வந்து ஒரு வயசு கூட்டிட்டுப் போவார். மொதல்ல மேலதான் இருந்தா. வளர வளர எறங்கிட்டா. இன்னும் தரைக்கு ஒரு விரக்கடை இருக்கு. அடுத்த வருஷம் காலு தரையில பட்டுரும் ட்ரைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."



அதோடு முடியவில்லை. சுவர்க் கட்டிலின் அடி அலமாரியில் துணி சுற்றி வரிசையாகக் காலணிகள். பன்னிரண்டு ஜோடி. முதல் ஜோடி என் கட்டைவிரல் நீளம். அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நல்ல கன்றுத்தோல். ஒன்றின் அடியிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு மண் துகள் இல்லை. இத்தனை வீடுகளில் எத்தனை கிழிந்த செருப்பை எண்ணியிருப்பேன், இதை மட்டும் இரண்டு தடவை எண்ணினேன்.

இந்தப் படத்துக்கு இன்னும் விலை போடவில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும்தானே? குடும்பத்தார் முகம் வரைந்த படத்துக்கு விலை கிடையாது, அது உறவுக்காரருக்கு. உறவு ஒருவருமில்லை என்று ஆனால்தான் பெயர்களை எடுத்துவிட்டு 'முகங்கள்' என்று எழுதி விலை போட்டு விற்பார்கள்.

இன்னொன்று. டியூவரின் கால் அளவை ஒரு நூலில் எடுத்து முடிச்சுப் போட்டு அனுப்பு. சத்தியம் செய்தவள் நான் ஏலத்தில் கேட்கக்கூடாது, ஆனால் ட்ரைன் கேட்பாள். அத்தனை நல்ல தோல் யாரோ காலுக்கா போகவேண்டும்?

அந்தப் பெண் முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் என்றுதான் தெரியவில்லை.

ஹில்லகொந்த்


லெய்டன்,
1664 நவம்பர் 24

ஆக்யேவுக்கு,

நான் நலம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நூலும் வரவில்லை.

நேற்று அந்தப் படக்காரர் வந்தார். ஒரு கால் தாங்கித் தாங்கி நடக்கிற கிழவர். படத்தை விற்றால் தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வந்தாராம். வெட்கமாம். ட்ரைன் மோர்க்கஞ்சி கொடுத்து உட்காரவைத்தாள்.

நான் கேட்டேன், "ஒம்பது வாரத்துல செத்த பிள்ளைக்கு மூஞ்சி எங்கருந்து புடிச்சீங்க?"

"எங்கருந்து புடிப்பேன்? நான் அந்தப் பிள்ளையப் பாத்ததே கிடையாது. பெத்தவளை முன்னால ஒக்கார வச்சேன். அவ முகத்துலருந்து வயசைக் கழிச்சேன். மிச்சம் வந்ததுதான் இது."

"சிறகு மட்டும் ஏன் அப்படியே இருக்கு? பிள்ளைக்கு வயசு கூட்டத் தெரிஞ்ச உங்களுக்கு அதக் கூட்டத் தெரியலியா?"

கிழவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கூட்டப் போனேன். அம்மா என் கையைப் புடிச்சுட்டாங்க. அது வளந்தா இவ போயிருவா, அது கெடக்கட்டும்னாங்க."

ட்ரைன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது நான் பச்சைத் திரையை மூடிவிட்டுத்தான் வருகிறேன். காலையில் போனால் திறந்திருக்கிறது. ட்ரைனைத் திட்டினேன். "நான் ஏம்மா தொடப்போறேன்? அம்மா இருந்தப்பவும் இப்படித்தான். நான் மூடுவேன், அம்மா மூடுவாங்க, காலையில தொறந்து கெடக்கும்" என்கிறாள். காற்று என்று நான் சொன்னேன். ஜன்னல்களுக்குச் சபைக்காரர்கள் அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்த முகம் எங்கே பார்த்தது என்று இன்று ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதே. நம் டியூவர்! இரண்டு கோடைக்கு முன் உன் வீட்டுக்கு வந்தேனே, வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாளே, அப்படியே. உலகத்தில் ஒரே முகத்தில் ஏழு பேர் என்பது சும்மா இல்லை.

நீ வாசனாரைக் காலிபண்ணி என்க்ஹைசன் போனது அந்தக் குழந்தை செத்த அதே மாதமா, அடுத்த மாதமா? எனக்குச் சரியாக நினைவில்லை.

ஹில்லகொந்த்


என்க்ஹைசன்,
1664 டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் டியூவரும் சுகம். அவளுக்குக் கொஞ்சம் சளி. அதனால்தான் எழுத முடியவில்லை.

டியூவர் நம் அம்மா ஜாடை. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், பெயர்கூட அம்மா பெயர்தானே. கண் நீலம். அந்த வீட்டில் எல்லோருக்கும் பழுப்புக் கண். மூக்கும் வேறு. கிழவர் கைக்கு வந்ததை வரைந்திருப்பார். நீயும் நாள் முழுக்க இருட்டு வீட்டில் நின்றுகொண்டு எதையாவது பார்க்கிறாய்.

நாங்கள் வந்தது கிளாஸுக்கு இங்கே படகில் வேலை கிடைத்ததால். மாதம் யாருக்கு ஞாபகம்.

காலணி வேண்டாம். அவளுக்கு இருக்கிறது. மரச்செருப்பே இந்த ஊருக்குப் போதும்.

படத்துக்கு விலை போட்டு முடித்துவிடு அக்கா. செத்தவர்கள் அமைதியாக இருக்கட்டும்.

ஆக்யே


லெய்டன்,
1664 டிசம்பர் 15

ஆக்யே,

நான் நலம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் ஒரு வேடிக்கை சொன்னேன், நீ கண்ணுக்கும் மூக்குக்கும் சாட்சி சொல்லியிருக்கிறாய். கண் நிறத்தை நான் கேட்கவே இல்லையே.

எண்ணுகிற வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரர்கள் எந்த அலமாரி முன்னால் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்களோ, அதைத்தான் முதலில் திறக்கவேண்டும்.

நேற்று கோயிலுக்குப் போய் அந்தக் குடும்பத்துக் கல்லறைக் கல்லைப் பார்த்தேன். 'மாச்தெல்ட், யோரிஸின் மகள், ஒன்பது வாரம்.' அந்தக் கல்லின்மேல் நின்றபோது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பெட்டியை ஆணியடித்துத்தான் கொண்டுவந்தான் கிளாஸ். வைசூரி, திறக்காதீர்கள் என்றான். தகப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றார். தாய் கட்டிலைவிட்டு எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்தார். அந்த மாதம் வாசனாரில் வேறு ஒரு வீட்டிலும் வைசூரி இல்லை. நான் அதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. என் தங்கை எழுதிய கடுதாசி, என் தங்கை சொன்ன வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு தாயின் காதில் போட்டது என் வாய்.

அந்த மாதம் உன் மடியில் இரண்டு குழந்தைகள் இருந்தன. ஒன்று உன்னுடையது.

அந்தக் கல்லுக்குக் கீழே யார், ஆக்யே?

ஹில்லகொந்த்


லெய்டன்,
1665 ஜனவரி 19

ஆக்யே,

கால்வாய் உறைந்துவிட்டது, படகு ஓடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பனிவண்டியில் தபால் வருகிறது. என்க்ஹைசனிலிருந்து என் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கடிதம் வந்தது. எனக்கு இல்லை. ஐந்து வாரமாக நீ பேசாமல் இருக்கிறதே ஒரு பதில்தான்.

இந்த வேலைக்கு வரும்போது வேதத்தின்மேல் கைவைத்து இரண்டு வரி சொன்னேன். வீட்டில் இருப்பதை மறைக்கமாட்டேன். இல்லாததைச் சேர்க்கமாட்டேன். பத்தொன்பது வருஷம் இதைத் தட்டுக்கும் தலையணைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பயம் எனக்குத் தெரியாமலில்லை. வெளியே தெரிந்தால் சபைக்காரர்கள் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். உன்னை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். புருஷன் இல்லாத உனக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிகிறது.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐம்பத்தைந்தில் அந்த வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பெட்டி போனது. நான்தான் உனக்கு எழுதினேன். அதற்கப்புறம் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்து ஒன்பது வருஷம் காலணி வாங்கியிருக்கிறார். அப்போதுகூடவா, ஆக்யே? அப்போதுகூடவா உனக்கு மனசு வரவில்லை?

பிப்ரவரி பத்தாம் தேதி பட்டியலை முடிக்கிறார்கள்; அன்றைக்கு அந்தப் படத்துக்கு நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லவேண்டும்.

ஹில்லகொந்த்


என்க்ஹைசன்,
1665 பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நானும் டியூவரும் சுகம் என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசனாரில் அன்றைக்குக் காலையில் என் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ரொட்டி வேகிற நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டிலில் மற்றது பசித்து அழ ஆரம்பித்தது. அது அழ அழ எனக்குப் பால் சுரந்து சட்டையெல்லாம் நனைந்தது. செத்ததை ஒரு கையில் வைத்துக்கொண்டு உயிரோடிருப்பதை மற்றக் கையால் எடுத்துப் பால் கொடுத்தேன். வேறு என்ன செய்வேன் சொல்.

அடுத்த வீட்டுக்காரி நீல் வாசலில் நின்று எட்டிப்பார்த்தாள். "ஐயோ ஆக்யே! எந்தப் பிள்ளைடி போயிருச்சு?" என்றாள்.

நான் எதையும் திட்டம் போடவில்லை அக்கா. வாயைத் திறந்தேன். "டவுன்காரங்க பிள்ளை" என்று வந்தது. இரண்டே வார்த்தை. திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். சாயங்காலம் கிளாஸ் வந்தபோது ஊருக்கே தெரியும். அவன் பெட்டி செய்து, தானே ஆணியடித்தான். நாலாவது ஆணி வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்தான். கடலுக்குப் போன கடைசிநாள் வரை அந்தச் சத்தம் தன் காதில் இருப்பதாகச் சொல்வான்.

ஐம்பத்தைந்தில் உன் கடிதம் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு படகேறினேன். நம்பு. மூன்று வயது. ஹார்லெம் வரை வந்தேன். லெய்டனில் நோய், உள்ளே போகாதே என்று படகுக்காரன் சொன்னான். திரும்பிவிட்டேன். நோய்க்குப் பயந்து திரும்பினதாக என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவன் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

இன்னொன்று, இதுவரை கிளாஸிடம்கூடச் சொல்லாதது. வருஷத்துக்கு ஒரு நாள், பேச்சு வந்ததிலிருந்து, அவள் தூக்கத்தில் காலை இழுத்துக்கொள்வாள். "யாரோ என் காலை அளக்குறாங்கம்மா" என்பாள். எந்தத் தேதி என்று நான் எண்ணியதில்லை. எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். போன வருஷம் அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் இரும்மா, இன்னும் முடிக்கல" என்றாள், காலை நீட்டியபடியே.

முகங்கள் என்று எழுதி விலை போட்டுவிடு, அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்த அம்மாள்தான் போய்விட்டாரே. இனி அங்கே யார் காத்திருக்கிறார்கள்?

ஆக்யே


லெய்டன்,
1665 பிப்ரவரி 13

ஆக்யே,

உன் கடிதத்தைக் கணப்பில் போட்டேன். யார் கையிலும் கிடைக்கக்கூடாது. படித்துவிட்டு அழுதேன், இப்போது அழவில்லை. முழங்கால் மோசம். மற்றபடி நலம்.

பத்தாம் தேதி போனேன். பால்தசார் பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ட்ரைன் கதவருகில்.

"கணப்புக்கு மேல் படம். முகங்கள் அஞ்சு. விலை?" என்றார்.

"போடாதீங்க."

"உறவு இல்லாத வீட்டுப் படத்துக்கு விலை போட்டாகணுமே அம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் போடாதீங்கங்கிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு வரிதான் தப்பாச் சொன்னீங்க. அதுவும் இதே படம். இப்ப மறுபடியும்..."

"அந்த வரியும் தப்பில்லீங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அடித்துவைத்த 'ஒரு மகள்' என்ற வார்த்தையைப் பார்த்தார். "எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அத என் வாயால சொல்லமாட்டேன். மார்ச் முடியிறவரைக்கும் அந்த எடம் வெறுமையா கெடக்கட்டும். வரவேண்டியவங்க வராட்டி, வேதத்துமேல கைவச்சுக் கேளுங்க. சொல்லுவேன்."

ட்ரைன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே உனக்கு மார்ச் முடியும்வரை நேரம் இருக்கிறது. அதற்குமேல் தங்கை என்று பார்க்கமாட்டேன். தங்கை என்பதால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். வந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். என்ன தண்டனை போட்டாலும், பொய்ச் செய்தி கொண்டுபோனவளும் நான்தான் என்று சொல்லி நிற்பேன். பிள்ளை யாரோடு இருப்பாள் என்று அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று பால்தசாரிடம் கெஞ்சுவேன். அவர் கல் மனசுக்காரர் இல்லை.

அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். நீயே வந்து அந்த அறையில் ஒரு பகல் நின்றுபார்.

இதனோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது ஜோடியின் அடித்தோல் நீளம். முடிச்சு போட்டிருக்கிறேன்.

ஹில்லகொந்த்


என்க்ஹைசன்,
1665 மார்ச் 6

அக்காவுக்கு,

பனி உடைந்துவிட்டது. திங்கட்கிழமைப் படகில் கிளம்புகிறோம். வலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாவியை அடுத்த வீட்டில் விட்டுவிடுவேன்.

உன் நூல் வந்தும் எட்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன். அப்புறம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் காலை என் மடியில் எடுத்தேன். "யாருக்கும்மா அளக்குற?" என்று கேட்டாள்.

"ஒனக்குத்தான்."

"நீ அளந்ததே இல்லியே."

நூலை நீட்டினேன். நான் வேறு முடிச்சுப் போடவேண்டியிருக்கவில்லை, அக்கா. குதிகாலில் வைத்துப் பிடித்தேன். பெருவிரல் நுனி உன் முடிச்சிலேயே வந்து நின்றது.

அப்போதே எல்லாம் சொல்லிவிட்டேன். காலை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னேன். விட்டால் எழுந்து போய்விடுவாளோ என்றுதான். அவள் அழவில்லை. நூலின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே, "அந்தப் படத்துல என் காலு தரையில படலியா?" என்றாள். ஒரு விரற்கடை இருக்கிறதாம் என்றேன். "அப்ப நான் போய் நின்னுட்டு வரேன்" என்றாள். 'வரேன்' என்றுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன்.

சபைக்காரர்கள் என்னை என்ன செய்தாலும் சரி. எனக்காக ஒரே ஒரு காரியம் செய். கோயிலில் அந்தக் கல்லின் எழுத்தை மாற்றக் கேள். 'டியூவர், கிளாஸின் மகள், மூன்று மாதம்.' பன்னிரண்டு வருஷமாக அவளை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அக்கா. நானும் கூப்பிடவில்லை. அந்தப் பெயரைத்தான் இவளுக்குக் கொடுத்துவிட்டேனே.

நான் சுகமில்லை. டியூவர் உன் ஊர்க் கோயிலில் தூங்குகிறாள்.

மாச்தெல்ட் சுகம்.

ஆக்யே